மேஜர் நலம்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், எப்போதும் ஒரு கொட்டாங்கச்சி இருக்கும். அதில் கந்தகத் தூளைப் புங்க எண்ணெயில் குழைத்த மஞ்சள் களிம்பு. மழைத் தண்ணீர் விழாமல் இருக்க அக்கா அதை ஓர் ஓட்டுத் துண்டால் மூடி வைத்திருப்பாள். அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொடமாட்டோம். துணி துவைக்க வருகிறவள்கூடத் துடைப்பக் குச்சியால் ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் கல்லில் தண்ணீர் ஊற்றுவாள். அந்த வாடை கூடம்வரை வரும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலேயே அது இருப்பதுபோலத் தோன்றும். எத்தனை சீயக்காய் போட்டுக் கழுவினாலும் அக்காவின் விரல்களை விட்டு அது போகவில்லை. இன்றைக்கும் அவளை நினைத்தால் முகத்துக்கு முன்னால் அந்த வாடைதான் எனக்கு வருகிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஹெட் கிளார்க்காக இருந்தார். மயிலாப்பூரில் வாடகை வீட்டில் இருந்த எங்களை, மாம்பலத்து ஏரியைத் தூர்த்து மனை போட்ட காலத்தில், தியாகராய நகரில் சொந்த வீடு கட்டி அழைத்து வந்தார். அப்போது எங்கள் தெருவில் மொத்தம் நாலு வீடுகள். மற்ற இடமெல்லாம் கோரையும் சேறும். மழைக்காலத்தில் வாசற்படி வரைக்கும் தண்ணீர் வரும், தண்ணீரோடு பாம்பும் வரும். அம்மா பகலிலேயே கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நைனாவுடைய ஆபீஸ் துரை சீமைக்குத் திரும்பிப் போகிறபோது தன் நாயைக் கொடுத்துவிட்டுப் போனது அந்த வருஷம்தான். செம்பட்டை நிறம், தொங்கும் காது, நெஞ்சில் வெள்ளைத் திட்டு. துரை அதற்கு மேஜர் என்று பெயர் வைத்திருந்தார். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது, அவள் தங்கையான எனக்கு நாலு.

அந்தத் தெருவில் நாங்கள் பயமில்லாமல் குடியிருந்தது மேஜரால்தான். கொல்லையில் பாம்பைக் கண்டால் குரைத்துக்கொண்டே வழியை மறித்து நிற்கும். நைனா ஆபீஸிலிருந்து வரும் நேரம் தெரிந்து, மாம்பலம் ஸ்டேஷன் பக்கம் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அக்கா வழுக்கி மழைத் தண்ணீர் நின்ற பள்ளத்தில் விழுந்தபோது, அவள் பாவாடையைப் பல்லால் பிடித்துக்கொண்டு அம்மா வரும்வரை விடவில்லை. அதற்குப் பிறகு அம்மா அதற்குத் தனியாகச் சோறு வடித்தாள். இதையெல்லாம் சொல்லக் காரணம், பின்னால் அதே அம்மா அந்த நாயின் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட மாட்டாமல் போனாள் என்பதுதான். அவள் கெட்டவளும் இல்லை.

வருஷங்கள் போயின. கோரை போய் வீடுகள் வந்தன. தெருவில் விளக்கு வந்தது. மேஜருக்குக் கண் மங்கியது. முதலில் காதுக்குப் பின்னால் ஒரு திட்டு முடி கொட்டியது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு முழங்கையில், வாலடியில், வயிற்றில் பரவியது. தோல் தடித்துச் சுருங்கிக் கறுத்து, கீறினால் நீர் கசிந்தது. நாள் முழுவதும் சொறிந்துகொண்டே இருக்கும். பின்னங்கால் தரையில் படும் தட் தட் என்ற சத்தம் சமையலறைவரை கேட்கும். வாசலில் படுத்திருந்த நாயை, பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று அம்மா கொல்லைக்கு விரட்டினாள். கிணற்றடியில் ஒரு கோணிச்சாக்கு அதன் இடமாயிற்று.

அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது அக்கா மட்டும்தான். நைனாவை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் ஜட்காக்கார பாய்தான் களிம்புக்கு வழி சொன்னவர். அவருடைய குதிரைக்கும் ஒருமுறை அப்படி வந்திருந்ததாம். வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் குளிப்பாட்டி, வெயிலில் காயவைத்து, பிறகு களிம்பைத் தடவச் சொன்னார். "கைல துணி சுத்திக்கினு தடவும்மா. இது மனுசாளுக்கும் ஒட்டிக்கும்" என்றும் சொன்னார். அக்கா முதலில் துணி சுற்றித்தான் தடவினாள். ஆனால் ரணத்தில் துணி பட்டால் மேஜர் நடுங்கிக்கொண்டு முனகும். இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டாள். விரல் நுனியால், குழந்தைக்கு மை இடுகிறமாதிரி, அத்தனை மெதுவாகத் தடவுவாள். அது தலையை அவள் மடியில் வைத்துக்கொண்டு, பால் படர்ந்த கண்ணை மூடிக்கொள்ளும். சொறியாமல் இருக்கப் பழைய புடவையைக் கிழித்துப் பின்னங்கால்களில் சுற்றிக் கட்டுவாள். சில வாரம் ஆறும். புதிதாக மெல்லிய முடிகூட முளைக்கும். பிறகு மழை பிடித்துக்கொண்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

அக்காவுக்குப் பதினெட்டு நடந்துகொண்டிருந்தது. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், நல்ல இடம், பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அந்தச் சமயத்தில்தான் அவள் விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டிலும் சிவப்பாகப் பொரிந்திருந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு நாயை உடனே எங்காவது அனுப்பச் சொன்னாள். அக்கா நைனாவிடம் கெஞ்சினாள். அதற்கு இன்னும் கொஞ்ச காலம்தான், அடுத்த ஆடியைத் தாண்டாது, அதுவரைக்கும் விட்டுவிடுங்கள் என்றாள். நைனா இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, வழக்கம்போல எதுவும் சொல்லாமல் ஆபீஸுக்குப் போய்விட்டார்.

அவர்கள் வந்த அன்று அம்மா அக்காவுக்கு முழங்கைக்குக் கீழே வரும் ரவிக்கை போட்டு, கை நிறைய வளையல் அடுக்கிவிட்டாள். பையன் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா, வெள்ளை வெளேரென்று புடவை கட்டிய மெலிந்த மனுஷி, அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். வளையலுக்கு நடுவே தெரிந்ததைப் பார்த்து இது என்ன என்று கேட்டாள். வேர்க்குரு என்றாள் அம்மா. தை மாதப் பனிக்காலம் அது. அந்த அம்மா கையை விட்டாள். வெற்றிலை போட்டுக்கொண்ட பிறகு கை கழுவக் கிணற்றடிக்கு வந்தாள். செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினது நான். எனக்குப் பதின்மூன்று வயது. அவள் என்னிடம் மிகவும் பிரியமாக, "உங்க அக்கா கைக்கு என்ன கண்ணு?" என்று கேட்டாள்.

"வேர்க்குரு இல்லீங்க. மேஜருக்குச் சொறி. அக்கா வெறுங்கையாலதான் மருந்து போடும், அதுலருந்து வந்தது" என்று சொன்னேன்.

அக்காவைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னேன். வேறு யாரும் தொடாத நாயைத் தொடுகிறவள் என்று தெரிந்தால் அவர்களுக்கு இன்னும் பிடித்துப்போகும் என்று நினைத்தேன். கோணிச்சாக்கில் படுத்திருந்த மேஜரைக் கையால் காட்டவும் செய்தேன். அந்த அம்மா பார்த்தாள். கையை இன்னொரு முறை கழுவினாள். பிறகு அக்காவின் மேல் பட்டிருந்த தன் புடவை முந்தானையின் நுனியையும் கழுவிப் பிழிந்துகொண்டு உள்ளே போனாள்.

வேண்டாம் என்று மூன்றாம் நாள் பதில் வந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றி எங்களுக்குத் தெரிந்தவர்கள் நிறைய. சொறி என்று புறப்பட்ட சொல், பத்து நாளில் எங்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தபோது குஷ்டம் என்கிற பெருவியாதி ஆகியிருந்தது. அடுத்து வருவதாக இருந்த இரண்டு வீட்டார் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பினார்கள். யார் சொன்னது, யார் சொன்னது என்று அம்மா மாய்ந்துபோனாள். துணி துவைக்கிறவளைச் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்துப் பெண் பார்க்கத் திருச்சினாப்பள்ளியிலிருந்து வந்தவருக்கு ரயில்வேயில் வேலை. முதல் மனைவி பிரசவத்தில் இறந்துபோய், ஆறு வயதுப் பெண் ஒன்று இருந்தது. தலை முன்பக்கம் முழுதும் வழுக்கை. காபியைக் குடித்தார், அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், சரி என்றார். கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு, அக்கா கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நைனாவிடம், "மேஜர் இருக்கிற வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் நைனா. வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். நைனா தலையை ஆட்டினார். அம்மாவும் அழுதுகொண்டே சரி என்றாள். பிறகு அக்கா என்னைப் பார்த்து, "நீ பாத்துக்குவியா?" என்றாள். பாத்துக்கறேன் என்றேன்.

பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். கல்யாணம் முடிந்து அக்கா போன பிறகு முதல் இரண்டு மாதம் நான் ஒன்றையும் விடவில்லை. முதலில் மூச்சை அடக்கிக்கொண்டு தடவுவேன். பிறகு அது பழகிவிட்டது. கண் தெரியாத மேஜர் என்னை அக்கா என்றே நினைத்தது என்று நினைக்கிறேன். நான் வரும் சத்தம் கேட்டதும், எழுந்திருக்க முடியாத பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு, வாலை மட்டும் ஆட்டும். முதுகில் வெயில் படும்படி உட்கார்ந்து அதன் காதைத் துடைத்துவிட்ட அந்தக் காலை வேளைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஒருநாள் என் விரல் இடுக்கில் அரித்தது. அடுத்த நாள் சின்னச் சின்னதாகச் சிவந்திருந்தது. இப்போது யோசித்தால் அது தாங்க முடியாத அரிப்பு இல்லை. அக்கா அதைப்போல நாலு மடங்கை வாயைத் திறக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். நான் பயந்தது அரிப்புக்கு இல்லை. திருச்சினாப்பள்ளிக்காரரின் வழுக்கைத் தலையும், அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண் குழந்தையும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை, அடுப்பின் முன் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினேன். நாயை அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. கையை நீட்டினேன், அவ்வளவுதான். நீட்டினால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

முனிசிபாலிட்டி வண்டிக்குக் கொடுக்கமாட்டேன் என்பதில் மட்டும் நைனா பிடிவாதமாக இருந்தார். வாரத்தில் இரண்டு நாள் எங்கள் தெருவுக்குக் கூடை சுமந்து வருகிற மீன்காரம்மா, அடையாற்றுக்கு அந்தப் பக்கம் ஊரூர்க் குப்பத்தில் இருந்தவள், தான் வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். கடல் தண்ணீர் பட்டால் சொறி கேட்கும் என்றாள். பாயின் ஜட்காவில் கோணிச்சாக்கோடு மேஜரைத் தூக்கி வைத்துக்கொண்டு நானும் நைனாவும் போனோம். மயிலாப்பூரைத் தாண்டி, அடையாற்றுப் பாலத்தைத் தாண்டி, சவுக்குத் தோப்பு வந்ததும் சக்கரம் மணலில் புதைந்தது. பாயும் நைனாவும் சாக்கின் இரண்டு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். கட்டுமர நிழலில் இறக்கிவிட்டபோது மேஜர் காற்று வந்த பக்கம் மூக்கைத் தூக்கி வெகுநேரம் மோந்து பார்த்தது. நான் திரும்பி நடந்தேன். என் காலடிச் சத்தம் போகிற பக்கமாக அதன் காது திரும்பியதைப் பார்த்தேன். அதற்குமேல் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்காவிடமிருந்து மாதம் ஒரு கார்டு வரும். புருஷனைப் பற்றி ஒரு வரி, அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரி, மற்றதெல்லாம் மேஜரைப் பற்றித்தான். காதுக்குப் பின்னால் ஆறியதா, மழையில் நனைகிறதா, கஞ்சியில் உப்புப் போடாமல் கொடுக்கிறாயா. எங்கள் வீட்டில் கடிதம் எழுதுகிறவள் நான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. "மேஜர் நலம்" என்று எழுதினேன். அது அப்போது முழுப் பொய்யும் இல்லை. மீன்காரம்மா வரும்போதெல்லாம் செய்தி கொண்டுவருவாள். "மேசரு நல்லா துன்னுது கண்ணு. தெனம் காலைல கடல்ல முக்கி எடுக்கறேன். ஒதறிட்டு மணல்ல போய்ப் படுத்துக்குது" என்பாள். அதைக் கிணற்றடியில் நடந்ததுபோல மாற்றி எழுதுவேன். கடலைக் குளியல் ஆக்கினேன், மணலை வெயில் ஆக்கினேன். நைனா என் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, அடியில் "மற்றவை பின்னர்" என்று தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்துத் தபாலில் போடுவார்.

கார்த்திகை மாதம், பெரிய மழை ஓய்ந்த மறுவாரம், மீன்காரம்மா கூடையை இறக்காமலே வாசலில் நின்றாள். "முந்தாநேத்து காலைல கட்டுமரத்தாண்ட படுத்துனு கீதேன்னுதான் பார்த்தேன். கிட்ட போய்த் தொட்டா சில்லுனு கீது" என்றாள். தோப்பு ஓரத்தில் அவள் புருஷன் குழி தோண்டிப் புதைத்தானாம். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஆறு மாதம்தான் வைத்திருந்தாள், ஆனால் அவளுக்குக் கலங்கியது.

அந்த வாரமே அக்காவின் கார்டு வந்தது. இப்போதாவது சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இறந்துவிட்டது என்று எழுதினால் எங்கே, எப்படி என்று கேட்பாள். எங்கே என்பதைச் சொன்னால் ஏன் என்பதைச் சொல்லவேண்டும். "மேஜர் நலம்" என்று எழுதினேன். தை மாதம், காணும் பொங்கலன்று கறி எடுத்ததாகவும், எலும்பைப் போட்டால் பல்லில்லாமல் நக்கிக்கொண்டே இருந்ததாகவும் எழுதினேன். காதுக்குப் பின்னால் முடி முளைத்துவிட்டது என்று எழுதினேன். எனக்கு அது நன்றாக வந்தது. எழுதும்போது அந்த நாய் எனக்கே கிணற்றடியில் படுத்திருப்பதுபோல இருக்கும். நைனா அதையும் படித்தார். தன் வரியைச் சேர்த்தார்.

பங்குனியில் அக்கா பிரசவத்துக்கு வந்தாள். எழும்பூரிலிருந்து பாயின் வண்டியில் வந்து இறங்கினவள், அம்மா ஆரத்தி எடுத்து முடித்ததும், உட்காரக்கூட இல்லாமல் நேரே கொல்லைக்கு நடந்தாள். கையில் ஒரு தகர டப்பா. அவள் ஊரில் மாட்டு டாக்டர் ஒருவரிடம் வாங்கின களிம்பு என்று பிறகு தெரிந்தது. கோணிச்சாக்கு இருந்த இடத்தில் அம்மா வாழைக்கன்று வைத்திருந்தாள். அது இரண்டு முழம் வளர்ந்திருந்தது. அக்கா வாழையைப் பார்த்தாள், பிறகு பின்னால் வந்து நின்ற என்னைப் பார்த்தாள்.

"எப்போ?" என்றாள்.

கார்த்திகை என்றேன். எங்கே என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். குப்பத்தைச் சொன்னேன், அம்மாவிடம் கையை நீட்டினதைச் சொன்னேன். பெண் பார்க்க வந்தவளிடம் நான் சொன்னதையும் அன்றைக்குத்தான் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் மெதுவாகத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். அழவில்லை. "பொங்கலுக்கு எலும்பு தின்னுச்சுன்னு எழுதினியே" என்று மட்டும் கேட்டாள். என் இரண்டு கைகளையும் இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுக்குகளைப் பார்த்தாள். ஆறிவிட்டதா என்றாள். ஆறிவிட்டது என்றேன். சரி என்று சொல்லிக் கைகளை விட்டாள். தகர டப்பாவை அன்று மாலையே பாயிடம், குதிரைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் மாதம் ஊருக்குப் போகும்வரை என்னோடு சாதாரணமாகத்தான் பேசினாள், சிரித்தாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வயதில் மன்னிப்பு என்பது கோபம் இல்லாமல் இருப்பது என்று நான் நினைத்திருந்தேன்.

அதன் பிறகு ஒரு வருஷம் கழிந்து அம்மாவுக்கு விஷ ஜுரம் கண்டது. பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தாள். ஆபத்தான நாட்களில் அக்காவுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை. கைக்குழந்தையோடு இருக்கிறவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நைனாவும் சொன்னார். ஜுரம் இறங்கி, டாக்டர் வந்து இனிமேல் பயமில்லை என்று சொன்ன அன்றுதான் கார்டு எழுதினேன். அம்மாவுக்கு ஜுரம் வந்து தேறிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள், அம்மா நலம், நீ கவலைப்பட்டு வரவேண்டியதில்லை என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மூன்றாம் நாள் காலை வாசலில் ஜட்கா நின்றது. அக்கா இறங்கினாள். இடுப்பில் குழந்தை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூத்தாள் பெண். முந்தினநாள் கட்டின புடவை, அவிழ்ந்த தலை. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். கூடத்தில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, அம்மா கிண்ணத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அக்கா நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, தேறிவிட்டது என்றுதானே எழுதியிருந்தேன், ஏன் இப்படி அரக்கப்பரக்க வந்தாய் என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"நலம்னு நீ எழுதியிருந்தே. அதைப் படிச்சதும்தான் கிளம்பினேன்."